தொட்டிக்குப் பயந்தவன் வேளாங்கண்ணி நடந்த கதை

முதல் நாள், ஆகஸ்ட் 22: திருச்சி – கல்லணை

விடிகாலை நாலு மணிக்குப் பாலக்கரை சகாய மாதா கோயில் வாசலில் 31 பேர். காவி வேட்டி, காவிச் சேலை, கழுத்தில் செபமாலை. தள்ளுவண்டியில் மாதா சுரூபம், சுற்றிலும் சீரியல் லைட், கீழே பேட்டரியும் ஸ்பீக்கரும். வண்டியை யார் தள்ளுவது என்று கல்லூரிப் பையன்கள் இரண்டு பேருக்குள் அப்போதே தகராறு.

நான் வேண்டுதலுக்காக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்திக்கு வயது 67. பதினாலாவது வருடமாக நடக்கிறார். வழக்கமாகக் கூடப் போகும் அவர் மகனுக்கு இந்த முறை லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. ஆக, நான் பை தூக்க வந்தவன்.

திருவானைக்காவலைத் தாண்டி உத்தமர்சீலி ரோட்டைப் பிடித்ததும் வெளிச்சம் வந்தது. இடது பக்கம் கொள்ளிடம், வலது பக்கம் காவிரி, நடுவில் வாழைத்தோட்டமும் நாங்களும். ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபோது சித்தி சாதாரணமாகக் கேட்டார்.

“நீ கடைசியா எப்போடா பாவசங்கீர்த்தனம் பண்ணினே?”

“ஈஸ்டருக்கு, சித்தி.”

பச்சைப் பொய். யாத்திரை தொடங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு விளக்கம். செய்த பாவங்களைச் சாமியாரிடம் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். இப்போது புத்தகங்களில் ஒப்புரவு அருட்சாதனம் என்று போடுகிறார்கள். ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சாமியார் உட்கார்ந்து கேட்கிற மர அடைப்புக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று பெயர். அலமாரி மாதிரி இருக்கும். நடுவில் அவர், பக்கவாட்டில் சல்லடை போட்ட சின்ன ஜன்னல், அந்தப் பக்கம் மண்டி போட்டு நாம். வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்தாக வேண்டும் என்பது 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் போட்ட விதி. 800 வருடத்துக்கும் மேலாக அமலில் இருக்கிறது.

நான் கடைசியாகச் செய்தது கல்யாணத்துக்கு முந்தின நாள். பதினாறு வருடம் ஆகிறது. அதுவும் ‘பொய் சொன்னேன், கோபப்பட்டேன்’ என்று இரண்டைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் பூசையில் எல்லாரும் நன்மை, அதாவது சாமியார் தரும் புனித அப்பம், வாங்க எழுந்து போகும்போது, ஃபோன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். இதில் எனக்கு நல்ல தேர்ச்சி. மனைவிக்கே சந்தேகம் வந்ததில்லை.

கல்லணையில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. கரிகாலன் யானை மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருபது கிலோமீட்டர்தான், அதற்கே குதிகால் எரிகிறது. தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை. நாளை பூண்டி.

இரண்டாம் நாள்: பூண்டி

கோவிலடி வழியாகக் கரையோரமாகவே நடந்தோம். வழியில் ஒரு அம்மா குடத்தில் பானகம் கரைத்து வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. “எங்க வீட்டுக்காரரு மொத வருஷம் ஆரம்பிச்சு வச்சாரு, அவரு போனப்புறமும் விடல” என்றார். சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார். வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளும் சிநேகிதிகள்.

பூண்டி மாதா கோயில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கிறது. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில் என்பார்கள். 1999-இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி கிடைத்தது. வீரமாமுனிவர் இத்தாலிக்காரர், நம்மூர் ஜனங்களின் பாவங்களை எல்லாம் நம்மூர்ப் பேச்சிலேயே உட்கார்ந்து கேட்டிருப்பார். அவர் தொகுத்த சதுரகராதியில் எத்தனை வார்த்தை தொட்டியில் கேட்டதாக இருக்குமோ என்று ஒரு யோசனை ஓடியது. ரகசியம் காக்க வேண்டியது பாவத்தைத்தானே, வார்த்தையை இல்லையே.

அங்கே பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. சித்தி போய் நின்றார், பின்னாலேயே நானும் நின்றேன். வேறு வழி? ஈஸ்டருக்குப் பண்ணியவன் பூண்டியில் பண்ண மாட்டானா?

எனக்கு முன்னால் ஒன்பது பேர். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டது, அது ஒரு ஆறுதல். சித்தி உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். முகத்தில் மாற்றமே இல்லை, ரேஷன் வாங்கிக்கொண்டு வந்த மாதிரி. அடுத்தது நான். அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றுவிட்டது. கரண்ட் கட். கோயிலில் திடீரென்று அப்படி ஒரு அமைதி. பின்னால் நின்றவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அப்படியென்றால் நான் பேசுவது அவருக்குக் கேட்காதா?

ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கொள்ளிடக் கரைப் பக்கம் போய் உட்கார்ந்து யோசித்தேன், யாரிடம் பயம் என்று. கடவுளிடம் இல்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. விஷயம் சத்தத்தில்தான் இருக்கிறது.

லால்குடி பக்கம் எங்கள் ஊர். எனக்கு அப்போது பத்து வயது, பீடச் சிறுவன். பூசை முடிந்து உண்டியல் காசு எண்ண உட்கார்ந்தபோது இரண்டு ரூபாயை டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டேன். பம்பரம் வாங்க. ராத்திரி தூக்கமில்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், மெதுவாகத்தான் சொன்னேன். அந்தச் சாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

“என்னது? உண்டியல் காசா? எவ்வளவுடா?”

கோயில் முழுக்க எதிரொலித்தது. வரிசையில் ஏழெட்டுப் பேர். யாரோ சிரித்தார்கள். எனக்கு நேர் பின்னால் நின்றது என் அக்கா, பதின்மூன்று வயது.

அந்தச் சாமியாரைக் குறை சொல்ல இப்போது மனமில்லை. வயதானவர், நல்ல மனிதர் என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு என் கழுத்தில் ஏறிய சூடு இருக்கிறதே, அது இன்றைக்கும் தொட்டியைப் பார்த்தால் ஏறுகிறது.

சித்தி தேடிக்கொண்டு வந்தார். “யாருடா ஃபோன்ல?” என்றார். “ஆபீஸ்” என்றேன். இரண்டாவது பொய்.

மூன்றாம் நாள்: தஞ்சாவூர்

பூதலூர் வழி. வெயில். இடது காலில் கொப்புளம் மூன்று, வலதில் ஒன்று. ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு, நூலை அப்படியே விட்டுவிட்டால் நீர் வடிந்துவிடும் என்பது சித்தியின் வைத்தியம். டாக்டர்கள் இதைப் படித்தால் திட்டுவார்கள். எனக்கு வேலை செய்தது.

வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. பெரிய கோயில் கோபுரத்தை தூரத்தில் பார்த்ததும் எல்லாரும் செல்ஃபி எடுத்தார்கள். நான் உட்கார்ந்துகொண்டேன்.

நான்காம் நாள்: நீடாமங்கலம்

புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் வாசலில் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். ஆவணி ஞாயிறுகளில் இங்கே நிற்க இடம் இருக்காது. அதற்கப்புறம் சாலியமங்கலம், அம்மாபேட்டை என்று முப்பது கிலோமீட்டர் தார் ரோடு. இரண்டு பக்கமும் குறுவை, சில வயல்களில் கதிர் பழுத்து நிற்கிறது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி இஞ்சினை மாற்றிக்கொண்டிருந்தது. பஸ், லாரி எல்லாம் ஒரு கிலோமீட்டருக்கு நின்றது. நடந்து போகிறவர்கள் குனிந்து போய்விடலாம்தான், ஆனால் மாதாவைக் குனிய வைப்பதா என்று வண்டிக்காரப் பையன்கள் மறுத்துவிட்டார்கள். அதனால் எல்லாரும் ரோட்டோரம் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் பிரதர் ஒருவர். குருமடத்தில் படிக்கிறவர், இன்னும் இரண்டு வருடத்தில் சாமியாராகிவிடுவார். மீசை சரியாக முளைக்காத முகம்.

சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். “பிரதர், தொட்டியில சொன்னதைச் சாமியாருங்க வெளியில சொல்லவே மாட்டாங்களா? சாப்பிடும்போது தங்களுக்குள்ளகூட?”

அவருக்கு இது பாடம். உற்சாகமாகிவிட்டார். சொல்லக் கூடாது, சைகையாலோ மறைமுகமாகவோகூட. உயிரே போனாலும். மீறி நேரடியாகக் காட்டிக்கொடுத்தால் அந்த நொடியே திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார், அதை நீக்கும் அதிகாரம் ரோமுக்கு மட்டும்தான். கேட்டதை வைத்து நம்மை நடத்துகிற விதத்தை மாற்றக்கூட அவருக்கு உரிமை கிடையாது. பிராக் நகரத்தில் நெப்போமுக் யோவான் என்ற குருவை 1393-இல் ராஜா கட்டி ஆற்றில் தள்ளினார். ராணி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைச் சொல்ல மறுத்ததால்தான் என்பது வழிவழியாக வரும் கதை. அங்கே பாலத்தில் அவருக்குச் சிலை இருக்கிறதாம்.

“சரி, வரிசையில நிக்கிறவங்க காதுல விழுந்துட்டா?”

“அவங்களுக்கும் அதே கடமைதாண்ணே. திருச்சபைச் சட்டம் 983, ரெண்டாவது பத்தி. எந்த வழியில தெரிஞ்சாலும் ரகசியம் காக்கணும்.”

இது எனக்குத் தெரியாது. கேட் திறக்கிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரில் சிரித்தவன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னான். ஒரு மாதம் எனக்கு ‘உண்டியல்’ என்று பெயர். அக்கா மட்டும் வீட்டில் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு அது சாகும் வரை தெரியாது. சட்டம் 983 எல்லாம் படிக்காத பதின்மூன்று வயது.

பிரதர் இன்னொன்றும் சொன்னார். தமிழில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்றே பாவசங்கீர்த்தனத்துக்கான வழிகாட்டிதானாம். முத்துக்குளித்துறையில் வேலை செய்த அன்ரீக் அன்ரீக்கஸ் என்ற போர்ச்சுக்கீசியச் சாமியார் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் முதல் புத்தகத்தை அச்சடித்தார். இரண்டே வருடத்தில், 1580-இல், இது. அச்சு இயந்திரம் வந்த சூட்டோடு ‘என்னென்ன பாவம், எப்படிச் சொல்வது’ என்று அச்சடித்துக் கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது என்றால், அந்தக் காலத்துப் பரதவர்களும் என்னை மாதிரியே சாமியார் முன்னால் வாயடைத்துப் போய் நின்றிருப்பார்கள் போல. கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ஐந்தாம் நாள்: திருவாரூர்

கொரடாச்சேரியில் இட்லி. மத்தியானத்துக்கு மேல் திருவாரூர். கமலாலயக் குளக்கரைப் படியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். குளத்துக்கு நடுவில் இருக்கும் கோயிலுக்கு ஒரு படகு போய்க்கொண்டிருந்தது.

டீக்கடையில் வாங்கிய பில் தாளின் பின்பக்கத்தில் ஆத்தும சோதனை செய்தேன். சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தது இன்னும் மறக்கவில்லை: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (மனம் வருந்துவது), பிரதிக்கினை (இனிமேல் செய்ய மாட்டேன் என்ற உறுதி), பாவசங்கீர்த்தனம், அபராதம் (சாமியார் சொல்லும் பரிகாரம்). பத்துக் கட்டளையையும் வரிசையாக எழுதி எதிரே குறித்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் கட்டளை: ஞாயிறு பூசை, எண்ணிக்கை இல்லை. நான்காவது: அப்பாவிடம் பேசிய பேச்சு. ஆறாவது, மோக பாவம்: இதை எழுதும்போது பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பதினாறு வருடமாகத் தொட்டிப் பக்கம் போகாததற்கு முக்கியக் காரணமே இந்த ஆறாவதுதான். அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. ஏழாவது, களவு: உண்டியல் இரண்டு ரூபாய், அதை அப்போதே சொல்லியாயிற்று. அதனால் காலியாக விட்டேன். எட்டாவது: பொய். சித்தியிடம் சொன்ன இரண்டையும் சேர்த்து.

கடைசியில் இடம் இருந்ததால் ‘அக்காவுடன் பேச்சுவார்த்தை இல்லை, ஆறு வருடம்’ என்று எழுதினேன். லிஸ்ட் கொஞ்சம் நிறைவாக இருக்கட்டுமே என்று.

சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தாளை மடித்தேன். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டே, “ஈஸ்டருக்குப் பண்ணலதானே நீ?” என்றார்.

ஒன்றும் சொல்லவில்லை.

“உங்க சித்தப்பா இருந்தப்ப நானும் அஞ்சு வருஷம் போகல. சாமியாரு என்ன நெனப்பாரோன்னுதான். அப்புறம் ஒருநாள் கோயில் சமையல்கட்டுல வேலை. அன்னைக்குக் காலையிலேர்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியாரு வந்து ஒக்காந்தாரு. ஏதாவது சொல்லுவாருன்னு பாத்தா, ‘ரசம் இருக்கா’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான்டா. நூறு பேரோடதக் கேட்டா யாரோடது எதுன்னு ஞாபகமா இருக்கும்? நம்ம பாவம் என்னவோ புதுசுன்னு நமக்கு நெனப்பு.”

ஆறாம் நாள்: நாகப்பட்டினம்

கீழ்வேளூர், சிக்கல், நாகை. கடல் காற்று சிக்கலிலேயே முகத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த ரோட்டில் இதற்கு முன் ஒரு தடவை நடந்திருக்கிறேன். 2004 டிசம்பர் 27. சுனாமிக்கு மறுநாள். இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அக்காவைக் கட்டிக் கொடுத்தது நாகை வெளிப்பாளையத்தில். ஃபோன் போகவில்லை. கிடைத்த லாரியில் ஏறி, இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடையும் ஓட்டமுமாக வந்தேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டியாடா?”

இன்றைக்கு அதே ஊருக்குள் நுழையும்போது துண்டைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டேன். வெயிலுக்கு என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பஜார் வழியாகப் போகும்போது செபமாலையை நான் சொல்லவில்லை. வாய் மட்டும் அசைந்தது. காவி வேட்டியில் நூறு பேர் போகும்போது என்னை யாருக்கு அடையாளம் தெரியும்? ஆனாலும் நீல நிறத்தில் எந்தக் கேட்டைப் பார்த்தாலும் திக்கென்றது.

ராத்திரி தங்கிய மண்டபத்தில் தூக்கம் வரவில்லை. கொசு ஒரு காரணம்.

ஏழாம் நாள், ஆகஸ்ட் 28: வேளாங்கண்ணி

காலை ஒன்பது மணிக்குக் கோபுரம் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று. சித்தி ரோட்டிலேயே மண்டி போட்டுவிட்டார். பையன்கள் வண்டியோடு ஓடினார்கள். எனக்கும் கண் கலங்கியது, அது கால்வலியாகவும் இருக்கலாம்.

நாளை சாயங்காலம் கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை திருவிழா. அதற்குள் ஊர் நிரம்பிவிட்டது. மலையாளம், தெலுங்கு, மராத்தி, கொங்கணி எல்லாம் காதில் விழுகிறது. மொட்டை போட்ட குழந்தைகள் சந்தனத்தோடு அழுகின்றன. மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் ஜனங்கள் முழங்காலில் நகர்கிறார்கள். சித்தியும் நகர்ந்தார், 67 வயதில். நான் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலோடு நடந்தேன்.

அப்புறம் அவர் ஒன்றுமே சொல்லாமல் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். “போயிட்டு வா, நான் இங்க ஒக்காந்திருக்கேன்.”

தொட்டி இல்லை. நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஊதா ஸ்டோல் போட்ட ஒரு சாமியார், பக்கத்தில் மண்டி போட ஒரு பலகை. மொழிவாரியாக வரிசை. தமிழ் வரிசைதான் நீளம். மலையாள வரிசையில் நாலே பேர். புரியாத மொழிச் சாமியாரிடம் தமிழில் மளமளவென்று சொல்லிவிட்டு வந்தால் என்ன என்றுகூட யோசித்தேன். பாவப்பொறுத்தல் செல்லுபடியாகுமா என்று பிரதரைக் கேட்க வேண்டும்.

கழுத்தில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. அது இறங்கட்டும், அப்புறம் போகலாம் என்று இரண்டு தடவை பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டேன். இறங்கவில்லை. மூன்றாவது தடவை பின்னால் நின்ற பெரியவர், “தம்பி, வரிசையில இருக்கீங்களா இல்லையா?” என்றார். “இருக்கேன்” என்று சொல்லிவிட்டேன்.

சாமியாருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நாற்காலிக்கு அடியில் ஃப்ளாஸ்க், பாதி காலியான பிஸ்கட் பாக்கெட். சட்டைப் பையிலிருந்து லிஸ்டை எடுத்தேன். ஜெல் பேனாவில் எழுதியது; இரண்டு நாள் வியர்வையில் மொத்தமும் ஊறி, நீலமாக ஒரு மேகம் மாதிரி இருந்தது. ‘கட்டளை’ என்ற ஒரு வார்த்தை மட்டும் தெரிந்தது.

“பரவாயில்ல, ஞாபகம் இருக்கிறதச் சொல்லுங்க” என்றார். “எத்தன வருஷமாச்சு?”

“பதினாறு, சாமி.”

நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. “நடந்தா வந்தீங்க?” என்றார். ஆமாம் என்றேன். என் காலைப் பார்த்தார். “மண்டி போட வேணாம், அந்த ஸ்டூல்ல ஒக்காருங்க.”

சொன்னேன். பூசை, பொய், அப்பா. அப்புறம் அந்த ஆறாவது. பதினாறு வருடமாக நெஞ்சுக்குள் வைத்து, ராத்திரி நேரங்களில் வார்த்தை வார்த்தையாகச் செதுக்கி வைத்திருந்த அதைச் சொல்லி முடித்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் தலையை ஆட்டினார்.

“ம். அப்புறம்?”

அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சரி, முடிந்தது என்ற தைரியத்தில் கடைசியை வேகமாகச் சொன்னேன். “அக்காகூட ஆறு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல, சாமி.”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“யாரு நிறுத்துனது?”

“அவங்கதான்.”

“ஏன்?”

அப்பா போனபின் ஊர் வீட்டை விற்றோம் என்றேன். அதில் ஒரு மனஸ்தாபம் என்றேன். அக்காவுக்குப் பங்கு போனதா என்று சாமியார் கேட்டார். அப்போதுதான் அதை வாயால் சொன்னேன். பேங்க் லோனுக்கு என்று சொல்லி அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். விற்றதும் நாலு லட்சம் தருகிறேன் என்றேன். தரவில்லை. ஒரே ஒரு தடவைதான் ஃபோனில் கேட்டாள். “நகை போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம்” என்று கத்தினேன். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை.

“இது பேச்சுவார்த்தை இல்லங்கற கணக்குல வராதுங்க” என்றார், அதே சத்தத்தில், பிஸ்கட் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. “ஏழாம் கட்டளை. எடுத்ததத் திருப்பிக் கொடுக்கணும். முடியுமா?”

“ஒரேயடியா முடியாது, சாமி.”

“ஒரேயடியா யாரு கேட்டா? அக்கா எந்த ஊரு?”

“நாகப்பட்டினம்.”

அவர் சிரித்துவிட்டார். “வழியிலதானே இருக்கு?”

மனஸ்தாப செபத்தைத் தடுமாறிச் சொன்னேன். நடுவில் விட்டதை அவரே எடுத்துக் கொடுத்தார். என் தலைக்கு மேல் கையை நீட்டி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே என்று முடித்தார். அபராதம், இயேசு கற்பித்த பரலோக மந்திரம் ஒரே ஒரு தடவை. ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையாவது கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். “ஒண்ணு போதும். மெதுவாச் சொல்லுங்க.”

கோயிலுக்குள் ஒரு தூணோரம் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த உண்டியல் விவகாரத்துக்கு அடுத்த ஞாயிறு ஞாபகம் வந்தது. பூசைக்கு முன்னால் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பாவாடை முடிச்சை அவிழ்த்து, இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை உண்டியலில் போட்டாள். வளையல் வாங்கச் சேர்த்தது. “ஆச்சு, வா” என்றாள்.

முந்தாநாள் லிஸ்டில் ஏழாம் கட்டளைக்கு எதிரே காலியாக விட்டேனே.

சித்தியோடு சாயங்காலப் பூசையில் நன்மை வாங்கினேன். கழுத்துச் சூடு அப்போதும் இருந்தது. ஃபோனைச் சித்தியின் பையில் போட்டுவிட்டுத்தான் வரிசையில் நின்றேன்.

எட்டாம் நாள், ஆகஸ்ட் 29

“கொடியேத்தம் பாக்காமயாடா போறே? ஏழு நாள் நடந்துட்டு?” சித்திக்குத் தாங்கவில்லை. எங்கே போகிறேன் என்று சொன்னேன். உடனே பையைத் திறந்து, மாதா குளத்துத் தண்ணீர் பாட்டில் ஒன்றையும், மெழுகுவர்த்திப் பொட்டலத்தையும் எடுத்துக் கொடுத்தார். “சும்மா கைய வீசிக்கிட்டுப் போகாத” என்றார். அவரைத் திரும்ப அழைத்துப் போகும் பொறுப்பைப் பிரதர் ஏற்றுக்கொண்டார்.

நாகை போகும் பஸ்ஸில் ஆறே பேர். எதிரே வரும் பஸ்கள் எல்லாம் பிதுங்கி வழிகின்றன. ரோட்டின் ஓரம் முழுக்கக் காவி, நடந்து வருகிறவர்கள், நொண்டி வருகிறவர்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது, “என்ன சார், எல்லாரும் வர்றாங்க, நீங்க போறீங்க?” என்றார்.

பேங்க் கணக்கில் பார்த்தேன். இப்போதைக்கு எண்பதாயிரம் எடுக்க முடியும். மீதிக்கு ஒரு தேதி எழுதிக் கொடுக்க வேண்டும், வெறும் வாய்ப் பேச்சை அவள் எதற்கு நம்ப வேண்டும்? ஃபோன் செய்துவிட்டுப் போகலாமா என்று மூன்று தடவை எண்ணை எடுத்தேன். இந்த ஃபோனை வைத்து நான் செய்த வேலைகளை நினைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டேன்.

இதை நாகை பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். செருப்பு வார் அறுந்துவிட்டது, ஊக்கு குத்தியிருக்கிறேன். ஆட்டோக்காரர் வெளிப்பாளையத்தில் எந்த இடம் என்று கேட்கிறார். தெருப் பெயர் மறந்துவிட்டது. நீலக் கேட் போட்ட வீடு என்றேன். ஆறு வருடத்தில் வேறு பெயிண்ட் அடித்திருப்பார்களோ என்னவோ. “ஏறுங்க, தேடிப் பாத்துக்கலாம்” என்கிறார்.